‘நிறுத்துங்க டாக்டர்’ பிறந்த கதை

தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐசியு) ஒரு நோயாளியின் கழுத்தருகே டாக்டர் ஊசியோடு குனிகிறார். பக்கத்தில் கையில் ஒரு தாளோடு நர்ஸ் நிற்கிறார். “நிறுத்துங்க டாக்டர், மாஸ்க் போடலை.” டாக்டர் நிமிர்ந்து, மாஸ்க் கட்டிக்கொண்டு, மறுபடி கை கழுவப் போகிறார். துணிந்து இப்படிச் சொன்ன நர்ஸுகள் எந்தக் காலத்திலும் இருந்திருப்பார்கள். ஆனால் சொன்ன பிறகு அவர்களுக்குத் துணை நிற்க ஒரு விதி இருக்கவில்லை. அந்த விதி எங்கே பிறந்தது, ஒரு மருத்துவமனையிலிருந்து பல மருத்துவமனைகளுக்கு அதை யார் கற்பித்துக் கொண்டுசேர்த்தார்கள் என்பதுதான் இந்தக் கதை.

முதலில், அந்த ஊசி வழியே போடப் போகும் குழாய். கழுத்து, காறை எலும்பின் கீழ்ப்பக்கம், தொடையிடுக்கு ஆகிய மூன்றில் ஓரிடத்தில் குத்தி, இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையை நோக்கிச் செலுத்தும் மெல்லிய குழாய் அது. மருத்துவமனைகளில் சென்ட்ரல் லைன் என்பார்கள். கை நரம்பு தாங்காத வீரியமான மருந்துகளை இதன் வழியாகத்தான் ஏற்றுவார்கள். ரத்த அழுத்தம் சரிந்து கிடப்பவருக்குப் பல சமயம் உயிரைப் பிடித்து வைப்பதே இதுதான்.

இதயம் வரை குழாயைக் கொண்டுபோகலாம் என்று காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற சிறிய ஊரில் பயிற்சியில் இருந்த இளம் டாக்டர். மேலதிகாரி அனுமதி தரவில்லை. கருவிகள் இருந்ததோ கெர்டா டிட்சன் என்ற நர்ஸின் பொறுப்பில். அவரிடம் பேசிப் பேசி ஃபோர்ஸ்மன் சம்மதம் வாங்கினார். அந்தச் சோதனையை என் மேலேயே செய்யுங்கள் என்று டிட்சன் முன்வந்தார். அவரை மேஜையில் கட்டிப் படுக்க வைத்துவிட்டு, ஃபோர்ஸ்மன் தன் கை நரம்பிலேயே சிறுநீர்க் குழாய் ஒன்றை 65 செ.மீ. நீளத்துக்கு ஏற்றிக்கொண்டார். பிறகு அவரை அவிழ்த்துவிட்டு, இருவரும் எக்ஸ்ரே அறைக்கு இறங்கிப்போய் குழாயின் முனை இதயத்துக்குள் இருப்பதைப் படமெடுத்தார்கள். 1956இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கருவிகளை எடுத்துக்கொடுத்த டிட்சன், வரலாற்றில் ஒரு வேடிக்கைச் சம்பவமாக மட்டும் நின்றுபோனார். இந்தத் துறையில் நர்ஸின் இடம் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது.

1953இல் ஸ்வீடனின் செல்டிங்கர், ஊசி வழியாக மெல்லிய கம்பியை விட்டு அதன் மேல் குழாயை நழுவவிடும் எளிய முறையைக் கண்டுபிடித்தார். குழாய் போடுவது சுலபமானது. ஐசியு தோறும் அது பரவியது. கூடவே ஆபத்தும் பரவியது. தோலில் இருக்கும் கிருமிகள் குழாயின் வெளிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்கும். மருந்து ஏற்றும் வாயை அழுக்குக் கையால் தொட்டால் உள்பக்கமாகவும் போகும். குழாயின் சுவரில் அவை ஒரு படலமாகப் படிந்துவிட்டால் ஆன்டிபயாடிக் எளிதில் ஊடுருவாது. குழாய் முடிவது பெருஞ்சிரையில் என்பதால் தொற்று நேராக ரத்தத்தில் கலக்கிறது. எந்த நோய்க்கு வந்தாரோ அது குணமாகிவரும் வேளையில், சிகிச்சைக்காகப் போட்ட குழாயால் ஒருவர் இறந்துபோக நேரும்.

தடுக்கும் வழி தெரியாமல் இல்லை. தோலைத் துடைக்க பொவிடோன் அயோடினையும் ஆல்கஹாலையும் விட குளோர்ஹெக்சிடின் மேலானது என்று விஸ்கான்சினில் டென்னிஸ் மேக்கியின் குழு 1991இல் காட்டியது. வெறும் கையுறையும் சிறு துணியும் போதாது. தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை, நோயாளியின் உடல் முழுதையும் மூடும் பெரிய விரிப்பு எல்லாம் வேண்டும் என்று ஹூஸ்டனில் இஸாம் ராட் குழு 1994இல் நிறுவியது. ஆய்விதழ்களில் எல்லாம் இருந்தது. இரவு 2 மணிக்கு அவசரமாகக் குழாய் போடும் கைகளுக்குத்தான் அது வந்துசேரவில்லை.

வகுப்பு எடுத்துப் பார்த்தார்கள். வட கரோலினாவில் ராபர்ட் ஷெரெட்ஸ் குழு, பயிற்சி டாக்டர்களுக்கு ஒரு நாள் செய்முறை வகுப்பு நடத்தி 2000இல் அதன் பலனை வெளியிட்டது. பெரிய விரிப்பைப் பயன்படுத்துவது 44 சதவீதத்திலிருந்து 65 ஆக உயர்ந்தது, தொற்றும் குறைந்தது. நல்ல பலன்தான். ஆனால் வகுப்பில் உட்கார்ந்து கற்ற பிறகும் நூற்றுக்கு 35 தடவை அந்த விரிப்பு விரிக்கப்படவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு அறுவை ஐசியு வேறு பக்கத்திலிருந்து தொடங்கியது. நர்ஸுகளை முதன்மையாக வைத்து 10 பக்கக் கையேடு ஒன்றைத் தயாரித்துப் படிக்க வைத்தார்கள். அங்கே ஆயிரம் குழாய் நாளுக்கு 10.8 ஆக இருந்த தொற்று 3.7 ஆக இறங்கியது. (10 பேருக்கு 10 நாள் குழாய் இருந்தால் அது 100 குழாய் நாள். இந்தத் துறையில் கணக்கு இப்படித்தான் போடுவார்கள்.) குழாயைப் போடுபவர் அரை மணி நேரத்தில் போய்விடுவார். அதன் பிறகு நாள்கணக்கில் மருந்து ஏற்றுவதும், டிரெஸ்ஸிங் மாற்றுவதும், காய்ச்சல் வந்தால் முதலில் கண்டுபிடிப்பதும் நர்ஸ்தான். அவரிடமிருந்து தொடங்காத எந்தப் பயிற்சியும் பாதிப் பயிற்சி என்பது என் எண்ணம்.

2001இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜோசி கிங் என்ற 18 மாதக் குழந்தை இறந்துபோனாள். குளியல் தொட்டியில் வெந்நீர் பட்டு வந்தவள். காயம் ஆறி வீடு திரும்பப் போகிற சமயத்தில், உடலில் நீர் வற்றியதைக் கவனிக்காமல் விட்டதாலும், கொடுத்திருக்கக் கூடாத வலி மருந்தாலும் உயிர் போனது. தாய் சோரல் கிங் அந்தத் துயரத்தோடு வீட்டில் முடங்கிவிடவில்லை. என் குழந்தை இன்று வந்தால் பாதுகாப்பாக இருப்பாளா என்று அதே மருத்துவமனையிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே ஐசியு டாக்டராக இருந்த பீட்டர் புரோனோவோஸ்டை அந்தக் கேள்வி விடவில்லை.

அவர் ஒரு தாளில் ஐந்து வரி எழுதினார். கையைச் சோப்பால் கழுவு. தோலைக் கிருமிநாசினியால் துடை. உடல் முழுதும் விரிப்பால் மூடு. தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை அணி. குத்திய இடத்தை முறைப்படி மூடு. புதிதாக ஒன்றும் இல்லை. மருத்துவக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுப்பவை. டாக்டர்கள் குழாய் போடுவதை ஒரு மாதம் பார்த்துக் குறித்து வையுங்கள் என்று நர்ஸுகளைக் கேட்டுக்கொண்டார். நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கும் மேல், ஏதாவது ஒரு படி விடுபட்டிருந்தது. அமெரிக்காவின் தலைசிறந்த மருத்துவமனைகளில் ஒன்றில்.

அடுத்து நடந்ததுதான் புதிது. படி விடுபட்டால் டாக்டரை நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸுகளுக்கு நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்று புரோனோவோஸ்ட் கேட்டு வாங்கினார். இரு பக்கமும் எதிர்ப்பு வந்தது. டாக்டர்களைக் காவல் காப்பது எங்கள் வேலையில்லை, கேட்டால் எங்கள் மேல் பாய்வார்கள் என்றார்கள் நர்ஸுகள். எல்லோர் முன்னிலையிலும் நர்ஸ் என்னைத் திருத்தினால் எனக்கு என்ன மதிப்பு என்றார்கள் டாக்டர்கள். நோயாளிக்குக் கெடுதல் நடப்பது சரியா என்ற ஒரே கேள்வியை அவர் இரு பக்கத்திடமும் கேட்டார். டாக்டர் யாராவது கேட்க மறுத்தால் எந்த நேரமானாலும் தன்னைக் கூப்பிடலாம் என்று நர்ஸுகளிடம் சொல்லிவைத்தார்.

இன்னொன்றும் செய்தார்கள். குழாய் போடத் தேவையான பொருள்கள் எட்டு இடத்தில் சிதறிக் கிடந்தன. விரிப்பு ஓரிடம், கவுன் ஓரிடம் என்று ஓட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரு தள்ளுவண்டியில் சேர்த்து வைத்தார்கள். இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா என்று தினமும் ரவுண்ட்ஸில் கேட்பதும் வழக்கமானது. 1998 தொடக்கத்தில் ஆயிரம் குழாய் நாளுக்கு 11.3 ஆக இருந்த தொற்று, 2002 கடைசியில் அந்த ஐசியுவில் பூஜ்ஜியம் ஆனது.

ஒரு பெரிய மருத்துவமனையில், ஒரு பிடிவாதக்கார டாக்டர் இருந்த இடத்தில் நடந்தது இது. அவர் இல்லாத இடத்தில் நடக்குமா? அந்தச் சோதனைக்கு மிச்சிகன் மாநில மருத்துவமனைச் சங்கம் 2003இல் முன்வந்தது. கீஸ்டோன் ஐசியு திட்டம் என்று பெயர். அங்கே அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டின் கோஷல். அவரே ஒரு நர்ஸ். நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்கள் சேர்ந்தன. டெட்ராய்ட்டின் ஏழைப் பகுதி மருத்துவமனைகளும் அதில் இருந்தன.

பால்டிமோரிலிருந்து ஆள் அனுப்பி இத்தனை ஐசியுக்களிலும் வகுப்பெடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு ஐசியுவும் தன்னிடமிருந்தே ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் அணித் தலைவர்களாக நியமித்தது. பயிற்சி அவர்களுக்குத்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்த தொலைபேசிக் கூட்டம். ஆண்டுக்கு இருமுறை மாநில அளவில் நேரில் சந்திப்பு. திரும்பிப்போய் உடன் வேலை செய்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் பொறுப்பு.

என் பார்வையில் இந்தக் கதையின் உயிர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் நிபுணர் ஸ்லைடு போட்டுவிட்டுப் போவார். அந்த வார்டின் நர்ஸுக்கு மட்டும்தான் தெரியும்: இரவு ஷிப்டில் கவுன் தீர்ந்துபோகும், ஸ்டோரின் சாவி யாரிடம் இருக்கும், எந்த டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், எவரிடம் எல்லோர் முன்னாலும் சொல்லலாம். அவருடைய மாணவர்கள் அவருடைய சகாக்கள். நேற்று வரை தானும் அதே தவறைச் செய்தவர் என்பதால் அவர் சொல்வது அதட்டலாகக் கேட்காது. மருந்து ஏற்றும் முன் குழாயின் வாயைத் தேய்த்துத் துடைப்பதையும், குளோர்ஹெக்சிடின் தானாக உலரும் வரை காத்திருப்பதையும், ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங்கை 7 நாளுக்கு ஒருமுறையும் துணி டிரெஸ்ஸிங்கை 2 நாளுக்கு ஒருமுறையும் மாற்றுவதையும் நோயாளியின் படுக்கையருகே நின்று செய்து காட்டலாம். பிறகு கற்றுக்கொண்டவரைச் செய்யச் சொல்லிப் பார்க்கலாம். ஷிப்ட் மாறும், ஆட்கள் மாறுவார்கள், புது டாக்டர்கள் ஆண்டுதோறும் வருவார்கள். கற்பிப்பவர் உள்ளேயே இருந்தால் பாடமும் உள்ளேயே இருக்கும்.

மருத்துவமனைகளின் மேலிடமும் குறைகளுக்குச் செவிசாய்த்தது. தொடக்கத்தில் குழாய்ப் பொருள்களோடு குளோர்ஹெக்சிடினும் சேர்த்து வைத்திருந்த மருத்துவமனைகள் சுமார் 19 சதவீதம்தான். தலைமை நிர்வாகிகளுக்குக் கடிதம் போன ஆறு வாரத்தில் அது 64 சதவீதம் ஆனது. மருந்து அலமாரியில் இல்லாதபோது எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தும் பயனில்லை.

முடிவு 2006 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. 103 ஐசியுக்கள், 3,75,757 குழாய் நாள்கள். ஆயிரம் குழாய் நாளுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, 16 முதல் 18 மாதத்தில் 1.4 ஆக இறங்கியிருந்தது. பாதிக்கும் மேற்பட்ட ஐசியுக்கள் மூன்று மாதத்திலேயே பூஜ்ஜியத்தைத் தொட்டிருந்தன. டாக்டரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே 2007இல் நியூயார்க்கர் இதழில் இதை எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பேச்சானது. அதே ஆண்டு அமெரிக்க அரசின் ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம், நோயாளிகளின் ஒப்புதல் பெறாத ஆய்வு என்று சொல்ல, திட்டம் தடைபட்ட கொடுமையும் நடந்தது. 2008 தொடக்கத்தில் தடை நீங்கியது.

பேச்சு பரவியபோது எல்லோரும் பிடித்துக்கொண்டது அந்தத் தாளை. ஐந்து வரி போதும், உயிர் பிழைக்கும் என்று எளிமையாக்கினார்கள். அது தவறு என்று புரோனோவோஸ்டும் கோஷலும், பிரிட்டன் ஆய்வாளர் மேரி டிக்சன்-வுட்ஸ் முதலானவர்களோடு சேர்ந்து 2009இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மிச்சிகனில் வேலை செய்தது அணித் தலைவர்களின் வலைப்பின்னல், மாதந்தோறும் தங்கள் எண்ணைத் தாங்களே பார்க்கும் பழக்கம், தொற்று தலைவிதியல்ல, நம் செயலால் வருவது என்ற உணர்வு. இங்கிலாந்து 2009இல் ‘மேட்சிங் மிச்சிகன்’ என்ற பெயரில் அதே திட்டத்தை நாடு முழுக்க நடத்தியது. தொற்று நன்றாகக் குறைந்தது. ஆனால் திட்டத்தில் அப்போது சேராத ஐசியுக்களிலும் அதேபோலக் குறைந்துகொண்டிருந்ததால், எவ்வளவு பெருமை திட்டத்துக்கு என்று பிரிக்க முடியவில்லை. மேலிருந்து வந்த உத்தரவாக அதைப் பார்த்த ஐசியுக்களும் அங்கே இருந்தன. தாளை அனுப்பிவிடலாம், கற்பிக்கும் ஆளை அந்தந்த வார்டுதான் வளர்க்க வேண்டும்.

மருத்துவமனை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஐசியுவில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த நர்ஸ் ஒருவர் கட்டாயம் இருப்பார். சகாக்களுக்குக் கற்பிக்கும் நேரத்தை அவருடைய பணிநேரத்துக்குள்ளேயே கொடுங்கள். அன்று அவருக்கு ஒதுக்கும் நோயாளிகளைக் குறையுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் டாக்டர் நிறுத்த வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டார் ஐசியுவில் இருந்தால், தினமும் ஒரு கேள்வி கேளுங்கள். “சிஸ்டர், இந்த லைன் இன்னும் தேவைதானா?” கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.