கண்ணுக்குத் தெரியாத காயம்

சந்தையிலே பானை வாங்க வரும் மூதாட்டி, அதன் பளபளப்பிலே மயங்குவதில்லை. விரலால் தட்டிப் பார்க்கிறாள். ஓசை சரியாக இருந்தால்தான் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். தீர விசாரிப்பதே மெய் என்று நாம் பேசுகிறோம். அவளோ செயலிலே காட்டுகிறாள்.

விமானத்துக்கும் அந்தச் சோதனை தேவை. இன்றைய விமானம் உலோகத்தால் மட்டும் ஆனதன்று. 2011-ஆம் ஆண்டு பயணிகள் பணிக்கு வந்த போயிங் 787 விமானத்தின் எடையிலே ஏறத்தாழப் பாதி, கலப்புப் பொருள். கார்பன் இழைகளை அடுக்கடுக்காக வைத்துப் பிசினால் இறுக்கிச் செய்வது. இலேசானது, வலிவு மிக்கது. ஆனால், ஒரு கல்லோ கருவியோ மோதினால், மேற்பரப்பில் வடுவே தெரியாதிருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடக்கூடும். புறத்தே பொலிவு, அகத்தே பிளவு!

அந்தப் பிளவைக் காட்டும் கதிரைக் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். 1800-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில், கதிரவனொளியை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்து, வண்ணந்தோறும் வெப்பமானியை வைத்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஏதும் தெரியாத இடத்திலும் வைத்தார். அங்கேதான் வெப்பம் மிகுந்திருந்தது! அகச்சிவப்புக் கதிர் அறிவுலகுக்கு அறிமுகமாயிற்று.

அக்கதிரைக் காணும் காமிரா இன்று உண்டு. பொருளின்மீது நொடிப்பொழுது கடும் ஒளியைப் பாய்ச்சுவர். வெப்பம் உள்ளே இறங்கும். அடுக்கு பிரிந்த இடத்திலே இடைவெளி அதனைத் தடுக்கும்; அவ்விடம் மட்டும் ஆறத் தாமதிக்கும். மறைந்திருந்த காயம் படத்திலே ஒளிரும்.

கருவி வளர்ந்தால் மட்டும் போதுமா? ஐயுறும் மனம் வேண்டாமா?

2003 சனவரி 16. அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் புறப்பட்ட 82-ஆம் நொடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பிலே மோதிற்று. அவ்விளிம்பும் கார்பன் கலப்புப் பொருளே. நுரையின் எடை முக்கால் கிலோ அளவுதான். இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டுமென்று பொறியாளர்கள் கேட்டனர். படம் எடுக்கப்படவில்லை. "முன்பும் நுரை விழுந்தது, கலம் திரும்பிற்று, இப்போதும் திரும்பும்" என்ற எண்ணமே நிர்வாகத்திலே மேலோங்கி நின்றது. பிப்ரவரி 1 அன்று, டெக்சாஸ் வானிலே கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர்.

சூலை 7 அன்று, அதே போன்ற நுரையை, மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில், இறக்கைத் தகட்டின்மீது எய்து பார்த்தனர். ஏறத்தாழ 40 செண்டிமீட்டர் ஓட்டை! எழுவர் மாண்டபின் செய்த சோதனை அது.

கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சோதிக்கும் பழைய முறை போதாதென விசாரணைக் குழு கூறிற்று. அதன்பின் இறக்கைத் தகடுகளை அகச்சிவப்பு முறையில் ஆராய்ந்தனர். 2006 சூலையில், டிஸ்கவரி கலத்தில் சென்ற வீரர்கள், விண்வெளியிலேயே அக்காமிராவை ஏந்திச் சோதித்தனர்.

மூடநம்பிக்கை கோயில் வாசலிலே மட்டும் குடியிருப்பதில்லை, தோழர்களே! "இதுவரை நடக்கவில்லை, ஆகவே இனியும் நடக்காது" என்று சோதிக்காமல் நம்பினால், அது ஆய்வுக்கூடத்திலும் குடியேறும். பெரியவர் சொன்னாலென்ன, பொறுப்பாளர் சொன்னாலென்ன? தட்டிப் பார்ப்போம், தட்டிக் கேட்போம். கேள்வி கேட்பது குற்றமன்று. கேட்டவன் வாயை அடைப்பதே குற்றம்!