விட்டிலின் முதுகில் ஒரு கதைசொல்லி

ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் தாம் வடிவமைத்த சிறு விமானங்களுக்கு விட்டில்பூச்சிகளின் பெயர்களைச் சூட்டினார். பூச்சிகளின்மேல் அவருக்கு அத்தனை ஈடுபாடு. அவ்வரிசையின் முதல் 'மாத்' விமானம் 1925 பிப்ரவரி 22 அன்று பறந்தது. சிறகுகளைப் பின்னோக்கி மடக்கி ஒரு கொட்டகைக்குள் நிறுத்திவிடலாம் என்பதால் பெயரும் பொருந்தித்தான் போயிற்று. 1931 அக்டோபரில் பறந்த 'டைகர் மாத்' பிரிட்டிஷ் விமானப்படையின் பயிற்சி விமானமாயிற்று.

மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய ஈரடுக்குச் சிறகுகள். 130 குதிரைத்திறன் எஞ்சின். தலைக்குமேல் திறந்த வானம். பிரேக் கிடையாது. முன்னால் நின்று ஒருவர் உந்துவிசிறியைக் கையால் சுழற்றிவிட்டால்தான் எஞ்சின் உயிர்பெறும். முன்னிருக்கையில் ஆசிரியர், பின்னிருக்கையில் மாணவர், இருவருக்கும் இடையே பேச ஒரு குழாய். மாணவர் தனியே பறக்கும்போதும் பின்னிருக்கையில்தான் அமரவேண்டும். எடைச் சமநிலை அப்படி.

இவ்விமானத்தைப் பற்றிய நினைவுகளில் நாம் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்வது ரோல்ட் டால் 1986இல் வெளியிட்ட 'கோயிங் சோலோ' நூலுக்கே. 1939இன் இறுதியில், தம் இருபத்துமூன்றாம் வயதில், தார் எஸ் ஸலாமில் எண்ணெய் நிறுவன வேலையை விட்டு நைரோபிக்குப் பறக்கக் கற்க வந்தார் டால். ஆறரை அடி உயரம். அமர்ந்தால் தலை காற்றுத்தடுப்புக் கண்ணாடிக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும். முகத்தில் அறையும் காற்றில் மூச்சுவிட இயலாது. மூக்கையும் வாயையும் மெல்லிய பருத்தித் துணியால் கட்டிக்கொண்டு சமாளித்தாராம். எட்டு மணிநேரம்கூட நிறையாத பயிற்சிக்குப்பின் தனியே பறந்தார். பிறகு பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின்மேல் தாழப் பறந்து ஒட்டகச்சிவிங்கிகளையும் நக்குரு ஏரியின் பூநாரைகளையும் கண்டதை அவர் எழுதும் பக்கங்களில் ஒரு சிறுவனின் களிப்பு இருக்கிறது.

இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? கேள்வி நியாயமானதே. 1940 செப்டம்பரில் மேற்குப் பாலைவனத்தில் அவரது கிளாடியேட்டர் போர்விமானம் விழுந்தது. 1942இல் அமெரிக்க இதழொன்றில் வந்த அவரது கட்டுரை, எதிரி சுட்டு வீழ்த்தியதாகத் தலைப்பிலேயே சொன்னது. உண்மையில் சேரவேண்டிய தளத்தைக் காணாமல், எரிபொருள் தீரும் நிலையில், இருட்டுவதற்குள் தரையிறங்க முயன்றபோது நேர்ந்த விபத்து அது. 'கோயிங் சோலோ'வில் டாலே இதைத் தெளிவாக்கிவிடுகிறார்.

ஆயினும் நைரோபிப் பக்கங்களை நாம் நம்பவே விரும்புகிறோம். வீரத்தைப் புனைபவன் காற்றைக் கூட்டிச் சொல்வான். மூக்கில் கட்டிய துணியைச் சொல்லமாட்டான். தவிர, எழுபதை நெருங்கும் வயதில் எழுதப்பட்ட அந்தக் களிப்புக்குப் பின்னால் வேறொரு கணக்கும் இருக்கிறது. அதையும் அந்நூலில் அவர் பதிந்திருக்கிறார்: நைரோபியில் உடன்பயின்றோர் உட்பட மொத்தம் 16 பேர், அடுத்த இரண்டாண்டுகளுக்குள் அவர்களில் 13 பேர் வானில் மடிந்தனர்.