ஹெரால்டு காரின் இடுக்குகள்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். அவருடைய தாத்தா ஓட்டிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பட்டறையில் நிற்கிறது. டிங்கரிங் பார்ப்பவர், "உடம்பெல்லாம் இடுக்கு இடுக்கா இருக்கு. எல்லாத்தையும் வெல்டு வச்சு, பட்டி பூசி, ஒரே தகடு மாதிரி வழவழன்னு ஆக்கிடுறேன்" என்கிறாராம். "செய்யலாமா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம் தம்பி. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும். வகுப்பெடுத்த வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1950களில் இங்கிலாந்தில் கார்கள் தனி சேசிஸை விட்டுவிட்டு, உடலையே சட்டமாகக் கொண்ட அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல் தகடு அடித்துக் கொடுத்துவந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. அந்த நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு முழு உடலை அடித்துத் தர ஆளில்லை. முழு உடலுக்கு ஆள் இல்லாவிட்டால் என்ன, துண்டு துண்டாகச் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். பழையபடி தனி சேசிஸ் போட்டு, வெவ்வேறு இடங்களில் செய்த பாகங்களை அதன்மேல் போல்டு போட்டுப் பூட்டினார்கள். உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி. 1959 ஏப்ரலில் ட்ரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று, கூரை தனி. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாக முன்பக்கம் கவிழும். வண்டி 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் ஊர்த் தெருக்களுக்கு வேறென்ன வேண்டும்!

பிரித்துப் பூட்டும் இந்த அமைப்பு, பாகங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டுவதற்கும் தோதாக அமைந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் இதைச் செய்தது. வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தத் தொழிற்சாலை நினைவிருக்கும். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் என்பதால் பாகங்களை ஒவ்வொன்றாக இங்கேயே செய்யப் பழகினார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டுக்குக் கடைசிவரை இரண்டே கதவுதான். 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு வைத்துச் செய்தது நம் சென்னைதான்.

ஆகவே, அந்த இடுக்குகள் வேலைக் கோளாறு அல்ல. அந்தக் கார் பிறந்த விதம். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சேசிஸ் ஓடும்போது லேசாக முறுக்கிக்கொடுக்கும். மேலே உடலை ஒன்றாக இறுக்கிப் பட்டி பூசினால், அதே இடத்தில் கீறல் விடும். கீறலில் தண்ணீர் இறங்கும். பட்டிக்கு அடியில் துரு பிடிப்பது வெளியே தெரியாது; தெரியும்போது தகடு இருக்காது. பிறகு சேசிஸில் வேலை வந்தால் உடலைக் கழற்றவும் முடியாது.

கதவு இடைவெளி சரியில்லை என்றால் கதவை அடித்து வளைக்கச் சொல்லாதீர்கள். உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவே வைக்கும் தகட்டுத் துண்டுகளைக் கூட்டிக் குறைத்தாலே இடைவெளி நேராகும். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்த்துவிட வேண்டும். ஒடுக்கு விழுந்த இடத்தை உள்ளே டாலி கொடுத்துச் சுத்தியலால் எடுத்துவிட்டு, மெல்லிய பூச்சாக மட்டும் பட்டி போடட்டும். கைவேலை தெரிந்தவருக்கு இது புதிதில்லை. நேரம்தான் ஆகும், கூலியும் அதற்கேற்பக் கொடுங்கள்.

பளபளப்புச் சாமான்கள் தனிக் கதை. பம்பர் இரும்பு, தேய்த்து நிக்கல், குரோமியம் ஏற்றிவிடலாம். கதவுக் கைப்பிடி போன்றவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. இரும்பென்று நினைத்துக் கடும் அமிலத்தில் போட்டால் கைப்பிடியையே அமிலம் தின்றுவிடும். புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்தால் செம்பு ஏற்றித் தேய்த்து, மறுபடி ஏற்றித் தேய்த்து, குழி நிரம்பிய பிறகுதான் நிக்கல். குரோமியம் கடைசியில் வரும் மெல்லிய மினுக்கு. துருவைத் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல்தான். பிளேட்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் படமெடுத்து எண்ணி வையுங்கள். 'ஸ்டாண்டர்டு' என்ற எழுத்தைக் கழற்றிவிட்டு வெளிநாட்டிலிருந்து 'ட்ரையம்ப்' வாங்கி ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது மதராஸில் பிறந்த பிள்ளைக்கு லண்டன் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது போலத்தான் தெரிகிறது.

இன்னொன்று, இதுதான் அவசரம். படத்தில் பின்கதவு இரண்டும் அடியில் அரித்துப்போய் வெளியே சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. முன்பக்கப் பாகங்கள் பலவற்றை இங்கிலாந்தில் தேடிப் பிடிக்கலாம். அந்தப் பின்கதவுகள் அங்கே செய்யப்பட்டதே இல்லை. காயலான் கடைக்குப் போய்விடாமல் இன்றே உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அரித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டிவிட்டு, அதே கனத்தில் துண்டு வெட்டி வைத்து, ஒரே மூச்சில் ஓட்டாமல் இடம் விட்டு இடம் புள்ளி வைத்து வெல்டு செய்தால் தகடு நெளியாது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.