அமெச்சூர் என்றொரு சொல்

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் நடந்தது இது. ஆங்கிலச் செய்தியொன்றில் வந்த 'அமெச்சூர் குத்துச்சண்டை' என்பதை, தமிழ்ப்பற்று மேலிட, 'கற்றுக்குட்டிகளின் குத்துச்சண்டை' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தம்பி, அவங்களில ஒருத்தனிட்ட ஒரு குத்து வாங்கிப் பாரும். பிறகு கற்றுக்குட்டி ஆரெண்டு விளங்கும்" என்றார். சிவப்புப் பென்சிலால் என் சொல்லை வெட்டி, 'அமெச்சூர்' என்றே போட்டுவிட்டார்.

அவர் வெட்டியது நியாயமே. இலத்தீன் மொழியில் 'அமாரே' என்றால் நேசித்தல். அதிலிருந்து பிறந்த 'அமாத்தோர்' நேசிப்பவனைக் குறிக்கும். அது பிரெஞ்சு வழியாக, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஓவியத்தையோ இசையையோ அறிவியலையோ அதன்மீது கொண்ட விருப்பத்துக்காகவே பயில்பவர் என்பதே அன்று அதற்குப் பொருள். அரைகுறை என்ற இழிவு பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் தொழிலால் இசைவாணர். அவரைக் கற்றுக்குட்டி என்று எவரும் சொல்லார். எதிர்ச்சொல்லான 'புரொபெஷனல்' என்பதும் ஆதியில் பணத்தைக் குறித்ததன்று. பலரறிய உறுதிமொழி கூறுதல் என்பதே அதன் வேர்ப்பொருள். துறவு மடத்தில் சேர்வோர் எடுக்கும் விரதத்துக்கு அச்சொல் வழங்கியது. ஒன்று நேசம், மற்றது விரதம். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து.

அங்கே அமெச்சூர் என்பது வர்க்கத்தின் பெயராயிற்று. தேம்ஸ் நதியில் 1839 முதல் நடந்துவரும் ஹென்லி படகோட்டப் போட்டியின் நிர்வாகிகள், 1879இல் அமெச்சூருக்கு ஒரு வரைவிலக்கணம் எழுதினார்கள். படகோட்டிப் பணம் பெற்றவர் அமெச்சூர் அல்லர் என்பதோடு அது நிற்கவில்லை. கூலிக்கு வேலைசெய்யும் இயந்திரத் தொழிலாளி, கைவினைஞர், உடலுழைப்பாளி எவரும் அமெச்சூர் ஆகார் என்றும் விதித்தது. வாழ்நாளில் ஒரு பென்னிகூடப் பந்தயத்தில் வாங்காத தச்சர், தச்சராக இருந்த ஒரே காரணத்தால் வெளியே நின்றார். உடலுழைப்பு அவருக்கு நியாயமற்ற வலிமையைத் தந்துவிடுகிறது என்று காரணம் சொன்னார்கள். மாட்டிறைச்சி உண்டு ஈட்டன் கல்லூரியில் நாள்தோறும் துடுப்பு வலித்த கனவான் பிள்ளைகளின் வலிமை எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று கேட்பாரில்லை.

ஜாக் கெலியின் கதை இவ்விதியின் உச்சம். பில்டெல்பியாவில் கொத்தனாராகச் செங்கல் அடுக்கி வளர்ந்த இளைஞர் அவர். அமெரிக்காவின் தலைசிறந்த தனிப்படகோட்டியான அவர், 1920இல் ஹென்லியின் வைரத் துடுப்புக் கிண்ணத்துக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவருடைய வெஸ்பர் கழகம் முன்னர் பொதுமக்களிடம் நிதி திரட்டி இங்கிலாந்து வந்தமைக்காகத் தடைசெய்யப்பட்டிருந்தது ஒரு காரணம். அவர் கைத்தொழிலாளி என்பது மற்றது. அவ்வாண்டு அக்கிண்ணத்தை வென்றவர் ஜாக் பெரஸ்போர்ட் என்ற ஆங்கிலேயர். சில வாரங்களின் பின் அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் இருவரும் சந்தித்தனர். கெலி ஒரு விநாடியால் வென்றார். சிறிது நேரத்துக்குள் மீண்டும் படகேறி, இரட்டையர் போட்டியிலும் தங்கம் பெற்றார். பிற்காலத்தில் அவருடைய மகள் கிரேஸ் கெலி மொனாக்கோவின் இளவரசியானார். உலகம் மகளையே அறியும். எனக்கோ மகனின் கதையில்தான் சுவை அதிகம்: தந்தைக்குக் கதவடைத்த அதே ஹென்லியில், அவருடைய பெயரையே தாங்கிய மகன் 1947இலும் 1949இலும் அதே வைரத் துடுப்புக் கிண்ணத்தை வென்றார். உடலுழைப்பாளரை விலக்கிய விதி 1937இல்தான் நீங்கியது. முந்திய ஆண்டு அவுஸ்திரேலியப் பொலிஸ்காரர்களின் அணியொன்றை அது வெளியே நிறுத்தியிருந்தது.

கிரிக்கெட்டில் இதன் கோலம் சற்று வேடிக்கையானது. 'ஜென்டில்மென்' என்ற அமெச்சூர்களும் 'பிளேயர்ஸ்' என்ற தொழில்முறையாளரும் 1806 முதல் 1962 வரை எதிரெதிரே ஆடினார்கள். பல மைதானங்களில் இரு சாராரும் வெவ்வேறு வாயில்களால் ஆடுகளத்துக்கு வந்தனர். அட்டவணையில் அமெச்சூரின் தலைப்பெழுத்துகள் பெயருக்கு முன்னே நிற்கும். தொழில்முறையாளரின் எழுத்துகள் பின்னே தொங்கும். மாறி அச்சாகிவிட்டால் ஒலிபெருக்கியில் திருத்தம் அறிவிப்பார்கள். அச்சுப்பிழைக்கு வருந்திப் பழகிய எனக்கே இது அதிகமாகத் தோன்றுகிறது. இதற்கிடையே பெரும் 'அமெச்சூரான' டபிள்யூ. ஜி. கிரேஸ், 1891-92 அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குத் தமக்கு மட்டும் 3,000 பவுண் பெற்றார். அது சம்பளமல்ல, செலவுப்பணம்!

நம்மவரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை, வக்கீல்களும் உத்தியோகத்தரும் ஊதியமின்றி நடித்த அமெச்சூர் சபை. அவரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் அந்த வழியை இலங்கைக்குக் கொண்டுவந்தார். அவர்கள் நாடகத்தை நேசித்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் படித்தவர் நடித்தால் கலை, வயிற்றுக்காக நடித்தால் கூத்தாடித்தனம் என்ற எண்ணம் நம் சமூகத்தில் இருந்தது. ஹென்லியின் விதியை நாம் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

மிகப் பெரிய விலையைக் கொடுத்தவர் ஜிம் தோர்ப். சாக் அன்ட் பொக்ஸ் பழங்குடியைச் சேர்ந்த அவர், 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐவகை, பத்துவகைப் போட்டிகள் இரண்டிலும் தங்கம் வென்றார். 1909, 1910 கோடைகளில் வட கரோலைனாவில் சொற்பக் கூலிக்குப் பேஸ்போல் ஆடியிருந்தார் என்று மறுவருடம் செய்தி வந்தது. வேறு மாணவர்களும் அப்படி ஆடியவர்களே. அவர்கள் பொய்ப்பெயரில் ஆடினார்கள், தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். ஆட்சேபம் போட்டிகள் முடிந்து 30 நாட்களுக்குள் வரவேண்டும் என்பது அன்றைய விதி. அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பதக்கங்கள் பறிக்கப்பட்டன.

அதே போட்டிகளில் தோர்ப்பிடம் தோற்ற அவரி பிரண்டேஜ், 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்து அமெச்சூர் விதியைக் காவல்காத்தார். அவர் போன பின்னர் 1970களிலேயே அச்சொல் ஒலிம்பிக் சாசனத்திலிருந்து நீங்கியது. 1992இல் பார்சிலோனாவுக்கு அமெரிக்காவின் கோடீஸ்வரக் கூடைப்பந்தாட்ட வீரர்கள் வந்திறங்கினார்கள்.

தோர்ப் 1953இல் வறுமையில் இறந்தார். 1982இல் அவரை 'இணை வெற்றியாளர்' என்று ஏற்றுக்கொண்டனர். பதக்கங்களின் பிரதிகள் மறுவருடம் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்பட்டன. தனி வெற்றியாளர் என்று அவர் பெயர் பட்டியலில் ஏறியது 2022 ஜூலையில். பத்துவகைப் போட்டியில் இரண்டாவதாக வந்து, அவருடைய தங்கத்துக்கு உரியவராக்கப்பட்ட சுவீடன் வீரர் ஹூகோ வீஸ்லான்டர், அது தமக்குரியது என்று ஒருநாளும் ஏற்றுக்கொள்ளவில்லை என அவருடைய குடும்பத்தினர் அப்போது தெரிவித்தனர்.