மாதவிலக்கு நின்றபின்: ஒரு மருந்தின் வரலாறு

மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் பெண்டிர்க்கு வரும் உடற்கொதிப்பும் வியர்வையும் உறக்கமின்மையும் புதியன அல்ல. அவற்றுக்கென மாத்திரை வந்ததுதான் புதிது. 1942-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிரிமரின், சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரஜனால் ஆனது. (முகஞ்சுளிக்கும் வாசகர்களுக்கு ஒன்று: தாவரப் பொருள்களிலிருந்து ஆக்கப்படும் எஸ்ட்ராடயோலும் இன்று உண்டு.)

1966-இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன் எழுதிய நூல், இப்பருவத்தை நீரிழிவைப் போன்றதொரு குறைபாட்டு நோய் என்றது. ஈஸ்ட்ரஜனைத் தொடர்ந்து உண்டால் பெண்மை வாடாது என்றும் உறுதி கூறியது. நூல் அமோகமாக விற்றது. மருந்துக் கம்பெனிகள் அவருடைய அறக்கட்டளைக்குப் பொருளுதவி செய்திருந்தமை பின்னரே பலருக்குத் தெரிந்தது.

1975-இல் முதல் அடி விழுந்தது. ஈஸ்ட்ரஜனைத் தனியே உண்டவர்களிடம் கருப்பை உட்சுவர்ப் புற்று மிகுந்திருப்பதை இரண்டு ஆய்வுகள் காட்டின. அதன்பின், கருப்பை உள்ளவர்க்குப் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

இக்கூட்டு மருந்தை 16,608 பெண்களிடம் சோதித்த பெரும் ஆய்வு 2002 ஜூலையில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்று நூற்றுக்கு 26 பங்கு கூடுகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. மாத்திரையைக் கைவிட்டோர் ஏராளம். ஆனால் அந்த 26 பங்கு என்பது என்ன? மருந்து உண்ணாத பத்தாயிரம் பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு வந்த நோய், உண்டவர்களில் 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேரும் அற்பமல்லர். எனினும் வீட்டுப் பெண்கள் கேள்விப்பட்டது இக்கணக்கையன்று. இடுப்பெலும்பு முறிவு குறைந்ததும் அவர்கள் செவிக்கு எட்டவில்லை. அதனினும் பெரிய விடுபடல் ஒன்றுண்டு: அப்பெண்களின் சராசரி வயது 63. ஐம்பதில் இரவெல்லாம் வியர்த்து விழித்திருப்பவளுக்கு, அறுபதைக் கடந்தவர்களின் கணக்கைக் கொண்டு தீர்ப்பெழுதினார்கள். கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரஜன் மட்டும் உண்டவர்களிடம் மார்பகப் புற்று கூடவில்லை என்பது 2004-இல் தெரிந்தது. பக்கவாத ஆபத்து கூடியதும் தெரிந்தது.

இன்று மருத்துவச் சங்கங்கள் பலவும் வயதைப் பிரித்துப் பார்க்கின்றன. அறுபதுக்குட்பட்டு, அல்லது மாதவிலக்கு நின்று பத்தாண்டு கடவாமல், தொல்லை மிகுந்திருப்போர்க்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி என்கின்றன. மார்பகப் புற்று, இரத்தக்கட்டு, பக்கவாதம் கண்டவர்க்கு இம்மருந்தைப் பொதுவாகத் தருவதில்லை. ஹார்மோன் அல்லாத மருந்துகள் அவர்களுக்குண்டு. இம்மருந்துகளின் கட்டமிட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 1975-இல் கண்ட கருப்பைப் புற்று பற்றிய எச்சரிக்கையை மட்டும், உடல் முழுதும் பரவும் தனி ஈஸ்ட்ரஜன் மருந்துகளில் விட்டுவைத்தது.