'எழுதினேன்' என்று சொன்ன கல்லும், 'எழுதப்பட்டது' என்று சொல்லும் போர்டும்

இன்னைக்கு எபிசோடு இலக்கணம் பற்றியது. உடனே அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க. இதுல ராஜா இருக்கார், கோயில் இருக்கு, பட்டுச்சேலை இருக்கு, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேர்தலும் இருக்கு. எல்லாத்தையும் கோர்க்கிற நூல் ஒரே ஒரு சின்ன வினைச்சொல்: 'படு'.

ஸ்கூல்ல ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ்னு மாத்தி மாத்தி எழுதியிருப்போம். தமிழ் வகுப்பில் அதுக்குப் பேர் செய்வினை, செயப்பாட்டு வினை. தெருவில் செய்வினைன்னா வேற அர்த்தம், எலுமிச்சம்பழம் சம்பந்தப்பட்டது. நாம பேசப்போறது வாத்தியார் சொன்ன செய்வினை. 'ராஜா கோயிலைக் கட்டினார்' செய்வினை. 'கோயில் ராஜாவால் கட்டப்பட்டது' செயப்பாட்டு வினை.

இந்த 'கட்டப்பட்டது' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. கட்ட + பட்டது. முன்பாதியான 'கட்ட' என்பதுதான் ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவ்னு சொல்றோமே, அதோட தமிழ் வடிவம். நம்ம இலக்கணத்தில் அது செய என்னும் வாய்பாட்டு எச்சம். பின்பாதி 'படு'. அடிபடு, கஷ்டப்படு, வெட்கப்படு, ஆசைப்படு எல்லாத்திலும் வர்ற அதே 'படு'. ஒண்ணை அனுபவிக்கிறது, ஒண்ணுக்கு ஆளாகிறதுன்னு பொருள். ஆக, தமிழ்க் கணக்குப்படி கோயில் சும்மா கட்டப்படல, கட்டுதலுக்கு ஆளாகுது.

ஆங்கிலத்தில் பாஸிவும் இன்ஃபினிட்டிவும் தனித்தனிப் பாகங்கள், வேணும்னா சேர்த்துக்கலாம். தமிழில் இன்ஃபினிட்டிவ் இல்லாமல் இந்தப் பாஸிவே கிடையாது. அதோட, இந்த ரெண்டு பாதிக்கும் நடுவில் வேற சொல்லை நுழைக்க முடியாது. ஆங்கிலத்தில் 'வாஸ் கேர்ஃபுல்லி பில்ட்'னு அட்வெர்பை நடுவில் வைக்கலாம். தமிழில் 'கட்ட கவனமாகப் பட்டது'ன்னு சொன்னா சிரிப்பாங்க. 'கவனமாகக் கட்டப்பட்டது'ன்னு வினையடை முன்னாடிதான் வரணும்.

இதனால என்ன ஆகுதுன்னு ஒரு வாக்கியத்தில் பார்ப்போம். 'உடனடியாகக் கடைகளை மூட உத்தரவிடப்பட்டது.' இந்த 'உடனடியாக' எதோட சேருது? உத்தரவு உடனே வந்ததா, கடையை உடனே மூடணுமா? ஆங்கிலத்தில் இடத்தை மாத்தினால் பொருள் தெளியும். 'வாஸ் இமீடியட்லி ஆர்டர்ட் டு பி க்ளோஸ்ட்' என்றால் உத்தரவில் வேகம். 'வாஸ் ஆர்டர்ட் டு பி இமீடியட்லி க்ளோஸ்ட்' என்றால் மூடுவதில் வேகம். இந்த ரெண்டாவது வடிவத்தை 'ஸ்ப்ளிட் இன்ஃபினிட்டிவ்'னு சிலர் திருத்துவாங்க. ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற பாதிரியார் 1864-இல் வந்த புத்தகத்தில், 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் அட்வெர்பைச் செருகுறது கூடாதுன்னு எழுதினார். ஆனா இங்கே 'டு பி' பிரியவே இல்லை. அதுக்கு அப்புறம்தான் அட்வெர்பு வருது. அதனால அந்தத் தடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

கடைக்காரருக்கு இது இலக்கணச் சண்டை இல்லை, அபராதப் பிரச்சினை. தமிழில் இதைச் சரிபண்ண எளிய வழி, ஆளைக் கொண்டு வர்றதுதான். 'கலெக்டர் உத்தரவு போட்டார், கடைக்காரர்கள் உடனே மூட வேண்டும்.' செய்றவங்க ரெண்டு பேரும் வாக்கியத்துக்குள் வந்ததும் குழப்பம் காணாமல் போகுது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப வரலாறு. பல்லவர்களின் தலைநகரம் காஞ்சி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைஞ்சு கோயில் செய்தார். அங்கே சமஸ்கிருதத்தில் ஒரு கல்வெட்டு இருக்கு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கான இந்த இடம் விசித்திரசித்தன் என்ற அரசனால் செய்விக்கப்பட்டதுன்னு அதோட கருத்து. விசித்திரசித்தன் மகேந்திரனோட பட்டப்பெயர். கவனிங்க, இது சுத்தமான பாஸிவ். ஆனா 'அரசனால்'ங்கிற சொல் காணாமல் போகல. சமஸ்கிருதத்தில் பாஸிவ் ரொம்ப இயல்பான நடை, செய்தவரையும் கூடவே வச்சுக்கும்.

தமிழ்க் கல்வெட்டுகள் வேற ரூட்டில் போகுது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 'நாம் எடுப்பிச்ச' கற்றளின்னு சொல்றார். எடுத்ததுன்னு இல்லை, எடுக்கப்பட்டதுன்னும் இல்லை. எடுப்பித்தது, அதாவது ஆளை வச்சு எழுப்பினது. அதுவும் 'நாம்' என்று தன்மையில்.

அடுத்து நம்ம மாவட்டத்துக்கே வருவோம். காஞ்சிபுரத்தில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டினவை. குடவோலைத் தேர்தல் விதிகள்னு பாடப்புத்தகத்தில் படிச்சது இதுதான். 30 குடும்பு, ஓலையில் பெயர், குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொல்றது. முன்னாடி வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவங்களும் அவங்க உறவுக்காரங்களும் நிற்கவே முடியாதுன்னும் விதி இருக்கு.

விதிகளைப் பற்றி நிறைய பேர் பேசியாச்சு. நான் பார்க்கச் சொல்றது வினைச்சொற்களை. இன்னைக்கு ஒரு அரசாணை என்றால் 'விதிகள் வகுக்கப்பட்டன'ன்னு வரும். அந்தக் கல்லில் 'வியவஸ்தை செய்தோம், சபையோம்'னு இருக்கு. சபை இல்லைங்க, சபையோம். 'சபையாகிய நாங்கள்'னு பொருள் தர்ற ஒரே சொல். இந்தக் காலக் கல்வெட்டுகளில் ஊரோம், நகரத்தோம்னு நிறையப் பார்க்கலாம். ஒரு நிறுவனம் 'நாங்க'ன்னு பேசின காலம் அது.

கல்வெட்டின் முடிவில் எழுதினவரே வர்றார். மத்யஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி ராஜமல்ல மங்கலப்பிரியன். சபையில் இருந்த பெருமக்கள் 'பணிக்க', நான் 'எழுதினேன்' என்கிறார்.

இந்த 'பணிக்க' என்ற சொல்லில்தான் நம்ம இன்னைக்குக் கதையே இருக்கு. இதுவும் செய எச்சம்தான், 'கட்ட' மாதிரியே. ஆங்கிலத்தில் இதை எப்படிச் சொல்வோம்? 'ஐ வாஸ் ஆர்டர்ட் டு ரைட்.' நான் எழுதுமாறு பணிக்கப்பட்டேன். யார் பணிச்சதுன்னு இந்த வாக்கியம் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனா தமிழ் இன்ஃபினிட்டிவ் தனக்குன்னு ஒரு எழுவாயை வச்சுக்க முடியும். 'மழை பெய்ய, குளம் நிறைஞ்சது.' பெய்தது மழை, நிறைஞ்சது குளம். அதே மாதிரி 'பெருமக்கள் பணிக்க, எழுதினேன்.' உத்தரவு போட்டது அவங்க, எழுதினது நான். பாஸிவ் வேண்டிய இடத்தில் ஒரு எச்சத்தை வச்சே வேலையை முடிச்சுட்டாங்க. பொறுப்பு ரெண்டு பேருக்கும் பிரிஞ்சு, பெயரோட கல்லில் நிக்குது.

கோடு எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஆத்தர் தனி, கமிட்டர் தனி. யார் எழுதினது, யார் சேர்த்ததுன்னு ரெண்டும் பதிவாகும். உத்திரமேரூர்க் கல் கிட்டத்தட்ட அந்த லாக் மாதிரி.

அப்போ 'படு' போட்ட பாஸிவ் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததான்னு கேட்கலாம். இல்லை. ஆப்ஜெக்ட்டுக்கு தொல்காப்பியம் வச்ச பெயரே 'செயப்படுபொருள்'. பெயருக்குள்ளேயே பாஸிவ் உட்கார்ந்திருக்கு. அந்த வடிவம் அவ்வளவு பழசு. ஆனா 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதின ராபர்ட் கால்டுவெல், இந்த மொழிகளுக்கு அசலான பாஸிவ் கிடையாது, 'படு' போன்ற துணைவினையை வச்சுத்தான் அதைக் கொண்டு வர்றாங்கன்னு சொன்னார்.

நம்ம பேச்சைக் கவனிச்சாலே அவர் சொன்னது ஓரளவு புரியும். 'கரெண்டு கட் பண்ணிட்டாங்க'ன்னுதான் சொல்றோம், 'மின்சாரம் துண்டிக்கப்பட்டது'ன்னு வீட்டில் யாரும் சொல்றதில்லை. 'கண்ணாடி உடைக்கப்பட்டது' இல்லை, 'உடைஞ்சிடுச்சு'. 'சமைக்கப்பட்டது' இல்லை, 'சமைச்சாச்சு'. செய்தவரை மறைக்கத் தமிழுக்கு எப்பவும் நாலு வழி இருந்திருக்கு, 'படு' அதுல ஒண்ணு. ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கின அலுவலக நடையும் செய்தி நடையும் வளர்ந்தபோது அந்த ஒண்ணு மட்டும் பெருசாச்சு. 'இட் இஸ் பிலீவ்ட் டு ஹேவ் பீன் பில்ட்' என்பது 'கட்டப்பட்டதாக நம்பப்படுகிறது' ஆச்சு. ஒரு வாக்கியத்தில் ரெண்டு 'படு'. கட்டினது யாருன்னும் தெரியாது, நம்புறது யாருன்னும் தெரியாது.

இதுல என்ன நஷ்டம்னு கேட்டா, ஒரு காஞ்சிப் பட்டை எடுத்துக்கோங்க. 'கைத்தறியில் நெய்யப்பட்டது'ன்னு லேபிள். கோர்வைச் சேலைன்னா உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். ரெண்டையும் தனித்தனி நாடா போட்டு, ஒவ்வொரு ஊடையிலும் பின்னிக் கோர்க்கணும். பழைய முறையில் இதுக்குத் தறியில் ரெண்டு பேர் வேணும், நெய்றவர் ஒருத்தர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிவிடுற துணையாள் ஒருத்தர். 'நெய்யப்பட்டது'ங்கிற சொல்லில் அந்த ரெண்டு பேருமே இல்லை. பவர்லூமில் வந்ததுக்கும் அதே சொல் பொருந்தும். கைத்தறின்னு நம்பி காசு கொடுக்கிறவங்களுக்கும், கூலிக்கு நெய்றவங்களுக்கும் அந்த இடைவெளி பெரிய விஷயம்.

அதே சமயம், செய்வினைன்னாலே நேர்மைன்னும் சொல்ல முடியாது. 'நாம் எடுப்பிச்ச' என்ற சொல்லில் ராஜா இருக்கார், கல்லைச் செதுக்கினவர் இல்லை. 'எடுப்பித்தல்' கூலியாளை மறைக்கும், 'கட்டப்பட்டது' எல்லாரையும் மறைக்கும். பாஸிவுக்கு நியாயமான இடமும் இருக்கு. சர்வர் விழுந்த பிறகு ரிப்போர்ட் எழுதும்போது 'தவறான செட்டிங் டிப்ளாய் செய்யப்பட்டது'ன்னு எழுதுறோம். ஒரு ஜூனியரைக் கூட்டத்தில் நிறுத்தி வைக்காமல், எந்தச் செக் இல்லாததால் அது உள்ளே வந்ததுன்னு பார்க்கத்தான் அப்படி. தொல்லியல் ஆய்வாளர் 'கட்டப்பட்டிருக்கலாம்'னு எழுதுறதும் சரிதான், ஆள் யாருன்னு ஆதாரம் இல்லாதபோது இட்டுக்கட்டாமல் இருக்கிறாங்க.

பிரச்சினை, ஆள் யாருன்னு நல்லாத் தெரிஞ்சும் 'படு' போடும்போதுதான். 'குளம் மூடப்பட்டது', 'நிதி ஒதுக்கப்பட்டது', 'மனு பரிசீலிக்கப்படும்.' யார் மூடினாங்க, யார் ஒதுக்கினாங்க, யார் என்னைக்குப் பரிசீலிப்பாங்க? கணக்குக் காட்டாதவன் தேர்தலில் நிற்கக் கூடாதுன்னு சொன்ன அதே கல்லில்தான் 'செய்தோம்', 'எழுதினேன்'ன்னு இருக்கு. அது தற்செயலா இருந்தாலும், கணக்குக் கேட்க வசதியான இலக்கணம் அதுதான்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்க ஏரியாவில் கண்ணில் படுற ஒரு அறிவிப்புப் பலகையில் 'படு' எத்தனை தடவை வருதுன்னு எண்ணுங்க. ஒவ்வொண்ணுக்கும் 'யாரால?'ன்னு கேட்டு, பதில் தெரிஞ்சா அந்த வாக்கியத்தைச் செய்வினையில் திருப்பி எழுதி அனுப்புங்க. நல்லா இருக்கிறதை அடுத்த எபிசோடுல, அனுப்பினவங்க பெயரோட, நான் வாசிக்கிறேன்.