உறைபனியில் ஓர் உறக்கம்



செத்தவன் பிழைத்து வந்த கதையைப் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால், "இன்று செத்தாலும் என்றாவது ஒருநாள் எழுந்து வருவேன்" என்று நம்பி, தம் உடலை உறைய வைக்க ஏற்பாடு செய்துகொண்ட மனிதர்களும் உண்டு. இது கட்டுக்கதை இல்லீங்க. அமெரிக்க நாட்டின் வரலாறு! அப்படி ஒருவர் எழுந்து வந்தால் அவருக்கு என்னென்ன ஆபத்து? சற்றே சிந்திப்போம்.

முதல் மனிதர்

அமெரிக்காவில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர் ராபர்ட் எட்டிங்கர். இறந்த உடலைக் கடுங்குளிரில் காத்து வைத்தால், வருங்கால மருத்துவம் அதனை எழுப்பக்கூடும் என்று அவர் எழுதிய நூல் 1964-இல் பரவலாக வெளிவந்தது. மூன்றே ஆண்டுகளில் அதைச் செய்தும் பார்த்தார்கள். ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற உளவியல் பேராசிரியர், தமது 73-ஆம் வயதில், 1967 ஜனவரி 12-இல் புற்றுநோயால் காலமானார். அவரது உடலை உறைய வைத்து, திரவ நைட்ரஜனில் வைத்தார்கள். அதன் குளிர் எவ்வளவு தெரியுமா? பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ்!

அந்த உடல் பல இடங்களுக்கு மாறியது. உறவினர் சிலர் வழக்குப் போட்டனர். மனைவியும் மகனும் விடாமல் போராடிக் காத்தனர். 1982-இல் அது ஆல்கார் என்னும் அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. இன்றும் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது.

பனி உருகிய சோகம்

எல்லாருக்கும் அப்படி ஒரு குடும்பம் வாய்க்கவில்லை. கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் என்னும் ஊரின் இடுகாட்டில், நிலவறை ஒன்றில் சில உடல்களை வைத்திருந்தார்கள். நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஓயாமல் நிரப்ப வேண்டும். அதற்குப் பணம் வேண்டுமல்லவா? பணம் நின்றது, பனியும் உருகியது. ஒன்பது உடல்கள் கெட்டுப்போயிருந்த செய்தி 1979-இல் வெளியே வந்தது. நம்பியிருந்த குடும்பத்தார் நீதிமன்றம் ஏற நேர்ந்தது.

எழுந்தால் என்ன ஆகும்?

முதல் ஆபத்து உடலுக்கு. ஐஸ் பெட்டியில் வைத்த தக்காளியை வெளியே எடுத்துப் பாருங்க, கொழகொழவென்று ஆகிவிடும். தண்ணீர் உறையும்போது விரிகிறது. பனிப் படிகங்கள் உயிரணுக்களைச் சிதைக்கின்றன. இதைத் தவிர்க்க, கண்ணாடிபோல் இறுகும் மருந்துக் கரைசலை இப்போது உடலில் செலுத்துகிறார்கள். ஆனால் அந்த மருந்தே அளவு மிஞ்சினால் நஞ்சு. பெரிய உறுப்புகளில் விரிசலும் விழும். திரும்பச் சூடாக்கும்போது எல்லா இடமும் ஒரே வேகத்தில் சூடேறாவிட்டால் மறுபடியும் பனி பிடிக்கும்.

உறைய வைத்த கருவிலிருந்து 1984-இல் ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது உண்மைதான். 2023-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார், 100 நாள் வரை அப்படிக் காத்த எலியின் சிறுநீரகத்தை வேறொரு எலிக்குப் பொருத்தி வேலை செய்ய வைத்ததும் உண்மை. ஆனால் கரு என்பது சில உயிரணுக்கள். எலியின் சிறுநீரகமோ மிகச் சிறியது. முழு மனிதர் ஒருவரைக்கூட இதுவரை யாரும் எழுப்பியதில்லை.

இரண்டாவது ஆபத்து மனதுக்கு. மூளை சிதைந்து, நினைவு அழிந்து எழுந்தால், எழுந்தவர் அவர்தானா? பெற்ற பிள்ளையின் பெயரே தெரியாமல் விழிப்பது பிழைப்பாகுமா?

மூன்றாவது ஆபத்து வாழ்வுக்கு. சட்டப்படி அவர் இறந்தவர். சொத்து என்றைக்கோ கைமாறியிருக்கும். மனைவி மக்கள் இல்லை. கற்ற தொழில் செல்லாது. பேசும் மொழியே மாறியிருக்கலாம். எழுப்பியவர்களின் தயவில்தான் அவர் வாழ வேண்டும்!

நாம் அறிய வேண்டியது

மாணவர்களே! உறக்கத்தில் கிடப்பவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. பின்னால் வருகிறவர்கள் வாக்குத் தவறாமல் இருந்தால்தான் அவருக்கு நாளை உண்டு. பெட்ஃபோர்டின் உடல் நிலைத்ததும், சாட்ஸ்வொர்த்தில் உருகியதும் நமக்குக் காட்டுவது இதைத்தான். விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும் அதைத் தாங்கி நிற்பது மனிதரின் நாணயம். ஆகவே அறிவியலைக் கருத்தாகப் படியுங்கள்; கொடுத்த வாக்கையும் காப்பாற்றுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே ஊட்டுங்கள்!